சைக்கிள் சாலையில் எந்த இடத்தில் ஓட வேண்டும்? அகலக் கணக்கும் சட்டமும் விட்டுக்கொடுப்பும்

2022 ஜனவரி 29 அன்று பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பான ஹைவே கோடு திருத்தப்பட்டது. அதில் வந்த 72-ஆம் விதியைப் பலரும் “இனி சைக்கிள்காரர்கள் நடுரோட்டில்தான் போவார்கள்” என்று புரிந்துகொண்டார்கள். விதி சொன்னது அதுவல்ல. சாலையின் நடு வேறு, தடத்தின் நடு வேறு. தடத்தின் நடுவைக்கூட குறிப்பிட்ட சில சூழல்களுக்கு மட்டுமே அது பரிந்துரைத்தது. சச்சரவில் இந்த வேறுபாடு காணாமல் போய்விட்டது. முன்னால் ஒரு சைக்கிள், பின்னால் பொறுமையிழந்த ஒரு கார் என்று ஒரு காணொளி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இரண்டே பதில்கள்தான் கிடைக்கின்றன: “ஓரமாகப் போக வேண்டியதுதானே?” என்பது ஒன்று; “சாலை எல்லோருக்கும் பொது” என்பது இன்னொன்று.

இரண்டுமே கேள்வியைத் தொடவில்லை. சைக்கிள் எங்கே ஓட வேண்டும் என்பது முதலில் ஓர் அகலக் கணக்கு. அப்புறம்தான் சட்டம். அதற்கும் அப்புறம் பிறருக்குக் காட்டும் அக்கறை. இந்த வரிசையில் பார்த்தால் குழப்பத்தில் பெரும்பகுதி விலகிவிடும்.

## முதலில் சில சொற்கள்

1. தடம்: ஒரே திசையில் ஒரு வரிசை வாகனங்கள் செல்வதற்கான அகலம். லேன் என்பதும் இதுதான். பெரும்பாலும் 3 மீட்டருக்கும் 3.65 மீட்டருக்கும் இடையில் இருக்கும்.

2. ஓர நிலை: தடத்தின் வெளி விளிம்பிலிருந்து அரை மீட்டரோ அதைவிடச் சற்று அதிகமோ தள்ளி ஓட்டுவது. பிரிட்டனில் சைக்கிள் பயிற்சி தருபவர்கள் இதை செகண்டரி பொசிஷன் என்பார்கள். விளிம்பை உரசிக்கொண்டு வடிகால் மூடிகளின் மேல் ஓட்டுவது இதில் சேராது.

3. நடு நிலை: தடத்தின் மையத்தில் ஓட்டுவது. பயிற்சி மொழியில் பிரைமரி பொசிஷன். பின்னால் வருபவர் அதே தடத்துக்குள் நுழைந்து முந்த முடியாது என்பதை இந்த நிலை வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது.

4. கதவு வீச்சு: நிறுத்தியிருக்கும் காரின் கதவு திடீரென்று திறந்தால் அது எட்டும் தூரம். ஏறத்தாழ ஒரு மீட்டர்.

5. முந்தும் இடைவெளி: முந்தும் வாகனத்தின் பக்கவாட்டு விளிம்புக்கும், சைக்கிள்காரரின் உடல் அல்லது ஹேண்டில்பார் முனைக்கும் நடுவே உள்ள தூரம்.

இடதுபுறம் ஓட்டும் நாடுகளும் வலதுபுறம் ஓட்டும் நாடுகளும் இருப்பதால் இங்கே ‘ஓரம்’ என்றே சொல்கிறேன். அவரவர் நாட்டுக்கு ஏற்ப எந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

## மூன்றரை மீட்டருக்குள் என்ன அடங்கும்?

மூன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு தடம். சைக்கிள்காரர் நல்ல பிள்ளையாக ஓரத்திலேயே போகிறார். பின்னால் வரும் கார் முறையான இடைவெளி விட்டு முந்த வேண்டும். என்ன அகலம் தேவை?

1. விளிம்பிலிருந்து விட வேண்டிய இடம்: 0.5 மீ.
2. சைக்கிளும் ஆளும்: சுமார் 0.7 மீ.
3. முந்தும் இடைவெளி: 1.5 மீ.
4. பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து ஒரு கார்: சுமார் 2 மீ.

மொத்தம் 4.7 மீட்டர். தடமோ 3.5 மீட்டர். 1.2 மீட்டர் இடிக்கிறது. கலிபோர்னியாவில் உள்ளதுபோல் முந்தும் இடைவெளியை 3 அடியாக, அதாவது 0.9 மீட்டராகக் குறைத்தாலும் 4.1 மீட்டர் வேண்டும். கண்ணாடிகளைச் சேர்க்காமலே இரண்டரை மீட்டர் அகலமுள்ள பேருந்து வந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

இதன் பொருள், சாதாரண அகலமுள்ள தடத்தில் சைக்கிள் எவ்வளவு ஒதுங்கினாலும், பக்கத்துத் தடத்துக்குள் கொஞ்சமாவது நுழையாமல் யாராலும் அதை ஒழுங்காக முந்த முடியாது. இருவழிச் சாலையில் பக்கத்துத் தடம் என்பது எதிரே வருபவர்களுடையது. மொத்தச் சாலை 7 மீட்டர் என்றால் எதிரே வரும் 2 மீட்டர் காருக்கு மீதமிருப்பது 2.3 மீட்டர். காகிதத்தில் 30 சென்டிமீட்டர் மிஞ்சுகிறது. அந்த 30 சென்டிமீட்டரை நம்பி எதிரெதிராகப் பாய்வதற்கு யாரும் துணியக் கூடாது. ஆகவே எதிர்ப்பக்கம் காலியாகும் வரை பின்னால் வருபவர் காத்திருந்தே ஆக வேண்டும்.

“ஓரமாகப் போனால் நான் போய்விடுவேனே” என்ற எண்ணம் உடைவது இந்த இடத்தில்தான். ஓரமாகப் போவதால் புதிதாக இடம் பிறப்பதில்லை. இடம் இருப்பதுபோல் ஒரு தோற்றம் மட்டும் கிடைக்கிறது. அந்தத் தோற்றத்தை நம்பி ஓட்டுநர் உள்ளே நுழையும்போது ஒன்றரை மீட்டர் அரை மீட்டராகச் சுருங்குகிறது.

தடம் அகலமாக, நாலரை ஐந்து மீட்டர் இருந்தால் கதையே வேறு. ஓரத்தில் சைக்கிளும் அதன் பக்கத்தில் காரும் தாராளமாகப் போகலாம். அங்கே தடத்தின் நடுவில் ஓட்டுவதற்குப் பொதுவாக நியாயம் கிடையாது.

## ஓரத்தில் என்னதான் பிரச்சினை?

காரில் உட்கார்ந்து பார்க்கும்போது ஓரம் காலியாகத் தெரியும். சைக்கிளில் இருப்பவர் பார்ப்பது வேறு ஓரம்: வடிகால் மூடியின் இடுக்கு, உடைந்த தார் விளிம்பு, காற்று கொண்டுவந்து சேர்த்த கண்ணாடித் துண்டும் மணலும், தேங்கிய தண்ணீர், அதன் அடியில் இருக்கும் பள்ளம். கார்ச் சக்கரங்கள் தம் பாதையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கின்றன; அங்கிருந்து வீசப்பட்டதெல்லாம் ஓரத்தில்தான் வந்து சேர்கிறது.

இரண்டு சக்கரத்தில் நிலைத்து நிற்க ஹேண்டில்பாரை ஓயாமல் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நேர்கோட்டில் ஓடுவதாகத் தோன்றும் சைக்கிளும் உண்மையில் மெல்ல வளைந்து வளைந்துதான் ஓடுகிறது. ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது அந்த வளைவு பெரிதாகும். விளிம்பை ஒட்டி ஓட்டுபவருக்கு ஒரு பக்கம் விலக இடமே இல்லை. பள்ளம் வந்தால் வாகனங்கள் இருக்கும் பக்கம்தான் ஒடிக்க வேண்டும். அரை மீட்டரோ ஒரு மீட்டரோ தள்ளி ஓட்டுபவருக்கு இரண்டு பக்கமும் இடமிருக்கிறது.

நிறுத்தியிருக்கும் கார்களின் வரிசை இதைவிட ஆபத்து. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். ஒரு கார் நீளத் தூரத்தில் கதவு திறந்தால், கண்டு, முடிவெடுத்து, பிரேக் பிடிக்க நேரம் போதாது. கதவில் மோதாமல் விலகினாலும் பின்னால் வரும் வாகனத்தின் முன்னால்தான் போய் விழ வேண்டும். ஹைவே கோடின் 67-ஆம் விதி ஒரு கதவின் அகலம் அல்லது ஒரு மீட்டர் விட்டுக் கடக்கச் சொல்வது இதனால்தான். கதவைத் திறப்பவருக்கும் கடமை உண்டு. பிறருக்கு ஆபத்தில்லை என்று உறுதி செய்யாமல் வாகனக் கதவைத் திறப்பதை 1968-இன் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு தடை செய்கிறது. கதவுக்கு எதிர்ப்பக்கக் கையால் திறந்தால் உடல் தானாகத் திரும்பிப் பின்பக்கம் கண்ணில் படும். டச்சு ரீச் என்று அழைக்கப்படும் இந்தப் பழக்கம் 2022 திருத்தத்தில் 239-ஆம் விதியில் இடம்பெற்றது.

அப்புறம் சந்திப்புகள். பக்கத் தெருவிலிருந்து மெதுவாக மூக்கை நீட்டும் ஓட்டுநரின் கண் கார்கள் வரும் இடத்தைத்தான் முதலில் தேடும். ஓரத்தை ஒட்டி வரும் சைக்கிள் மதில் சுவருக்கோ, நிறுத்திய வேனுக்கோ பின்னாலிருந்து கடைசி நொடியில்தான் வெளிப்படும். தடத்தின் நடுவில் வருபவர் முன்னதாகவே தெரிந்துவிடுவார். சைக்கிளை முந்திய கையோடு அதன் குறுக்கே பக்கத் தெருவுக்குத் திரும்பும் கார்களும் உண்டு. சந்திப்புக்கு முன் நடு நிலைக்கு வந்துவிட்டால் அந்த அவசர முந்தலுக்கு வாய்ப்பே குறைகிறது.

## பாதி வெளியே வருவதுதான் மோசம்

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். பாத் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் இயன் வாக்கர், சைக்கிளில் உணரி பொருத்தி 2,300-க்கும் மேற்பட்ட முந்தல்களை அளந்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தலைக்கவசம் பற்றிய அதன் முடிவுதான் செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. நம் விஷயத்துக்கு வேண்டியது இன்னொரு முடிவு: சைக்கிள் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வந்ததோ, அவ்வளவு குறைவான இடைவெளியில் ஓட்டுநர்கள் முந்தினார்கள்.

“பார்த்தீர்களா, ஓரம்தான் பாதுகாப்பு” என்று இதைக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. அந்த ஆய்வு அளந்தது விளிம்பிலிருந்து ஒன்றேகால் மீட்டர் வரையிலான நிலைகளை. மூன்றரை மீட்டர் தடத்தின் மையம் ஒன்றே முக்கால் மீட்டரில் இருக்கிறது. சைக்கிள் எங்கே இருந்தாலும் ஓட்டுநர்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் முந்துகிறார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அப்படியானால் மிக மோசமான இடம் ஓரமும் இல்லாத, நடுவும் இல்லாத அந்த இடைப்பட்ட பகுதிதான். உள்ளே நுழைந்து பார்க்கலாம் என்ற ஆசையை அது தூண்டும். நுழைந்தால் இடம் போதாது. முந்த விடுவதென்றால் தெளிவாக விட வேண்டும். விட முடியாதென்றால் அதையும் தெளிவாகக் காட்ட வேண்டும்.

## சட்டம் என்ன சொல்கிறது?

சைக்கிள் ஒரு வாகனம்தானா என்பதே சிலருக்குச் சந்தேகம். வியன்னா உடன்படிக்கையின் முதல் பிரிவு அதை வாகன வகைகளில் ஒன்றாகவே வரையறுக்கிறது. ‘ஓட்டுநர்’ என்ற சொல்லுக்கான விளக்கத்திலும் சைக்கிள் ஓட்டுபவரைச் சேர்த்திருக்கிறது. சூழல் அனுமதிக்கும் அளவுக்கு வாகனத்தைச் சாலை விளிம்புக்கு அருகே ஓட்ட வேண்டும் என்று 10-ஆம் பிரிவு சொல்வதும் எல்லா ஓட்டுநர்களுக்கும் பொது. ‘சூழல் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற அந்த நிபந்தனைக்குள்தான் நாட்டுக்கு நாடு சட்டங்கள் பிரிகின்றன.

கலிபோர்னியா. விதிவிலக்குகளை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த சட்டங்கள் குறைவு. மற்ற வாகனங்களைவிட மெதுவாகச் செல்லும் சைக்கிள், நடைமுறைக்கு ஏற்ற அளவு ஓரமாகச் செல்ல வேண்டும் என்கிறது வாகனச் சட்டத்தின் 21202-ஆம் பிரிவு. உடனே விலக்குகளும் வருகின்றன: வேறொரு வாகனத்தை முந்தும்போது; எதிர்ப்பக்கம் திரும்பத் தயாராகும்போது; ஓரப் பக்கம் திரும்ப அனுமதியுள்ள இடத்தை நெருங்கும்போது; தடையோ சாலைக் குறையோ ஓரத்தை ஆபத்தாக்கும்போது; தடம் போதிய அகலம் இல்லாதபோது. போதிய அகலமில்லாத தடம் எது என்பதற்கும் விளக்கம் இருக்கிறது: சைக்கிளும் இன்னொரு வாகனமும் பக்கம் பக்கமாகப் பாதுகாப்பாகச் செல்ல முடியாத தடம். மேலே போட்ட கணக்கின்படி பெரும்பாலான சாதாரணத் தடங்கள் இந்த விலக்குக்குள் வந்துவிடும். விதி ஓரம் என்று தொடங்குகிறது; விலக்கோ சாலையில் பாதியை அள்ளிக்கொள்கிறது. 2009-இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சாலைக் குறியீட்டுக் கையேட்டில், சைக்கிள்கள் முழுத் தடத்தையும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அறிவிப்புப் பலகையே சேர்க்கப்பட்டது.

பிரிட்டன். 72-ஆம் விதி நடு நிலையைப் பரிந்துரைப்பது மூன்று இடங்களில்: போக்குவரத்து குறைந்த தெருக்கள், வாகனங்கள் ஊர்ந்து செல்லும் நெரிசல், முந்துவது ஆபத்தாக இருக்கும் சந்திப்புகளும் குறுகலான இடங்களும். முதல் இரண்டுக்கும் ஒரு வால் உண்டு, அதைத்தான் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அமைதியான தெருவில் பின்னால் வேகமான வாகனம் வந்தால், பாதுகாப்பாக முடியுமானால் ஒதுங்கி முந்த விட வேண்டும். நெரிசல் தளர்ந்து வாகனங்கள் வேகமெடுத்தாலும் அப்படியே. உங்களைவிட வேகமான வாகனங்கள் நிறைந்த சாலையில், விளிம்பிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி ஓட்டி, பாதுகாப்பான இடத்தில் மற்றவர்களை முந்த விட வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

ஹைவே கோடில் எல்லா வரிக்கும் ஒரே எடை கிடையாது. கட்டாயம் என்று எழுதியவற்றுக்குப் பின்னால் தனிச் சட்டம் இருக்கிறது, மீறினால் குற்றம். ‘செய்ய வேண்டும்’ என்று அறிவுரையாக எழுதியவற்றை மீறுவது மட்டுமே குற்றமாகாது. ஆனால் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி, வழக்கில் பொறுப்பை நிலைநாட்ட அதைப் பயன்படுத்தலாம். 72-ஆம் விதி இந்த இரண்டாவது வகை. அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கவனமின்றியோ, சாலையில் உள்ள பிறர்மீது நியாயமான அக்கறை இல்லாமலோ சைக்கிள் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. ஆக, அக்கறை வெறும் பண்பாட்டு விஷயம் அல்ல. சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது.

பிரான்ஸ். 2015-இல் கொண்டுவந்த ஆணை ஒன்று, வேகவரம்பு 50 கிலோமீட்டருக்கு மேற்படாத சாலைகளில், நிறுத்திய வாகனங்களிலிருந்து பாதுகாப்புக்குத் தேவையான தூரம் தள்ளி ஓட்ட சைக்கிள்காரர்களை அனுமதித்தது. கதவு வீச்சைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியா. மோட்டார் வாகனச் சட்டம் பெயருக்கேற்றபடி மோட்டார் வாகனங்களை மையமாகக் கொண்டது; மிதி சைக்கிள் அதன் வரையறைக்குள் வராது. அதனால் சைக்கிள்மீது சட்டமே பாயாது என்று எண்ணிவிட வேண்டாம். உயிருக்கு ஆபத்து வரும்படி பொதுப் பாதையில் வாகனம் ஓட்டுவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, மோட்டார் உள்ளதா இல்லையா என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

முந்தும் இடைவெளியைப் பல நாடுகள் எண்ணாகவே எழுதிவிட்டன. ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர். பிரான்ஸில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர். ஆஸ்திரேலியாவில் 60 கிலோமீட்டர் வேகவரம்பு வரை 1 மீட்டர், அதற்கு மேல் 1.5 மீட்டர். பிரிட்டனில் 30 மைல் வேகம் வரை குறைந்தது 1.5 மீட்டர், அதற்கு மேல் இன்னும் அதிகம்; ஆனால் இது அறிவுரை வகை. ஸ்பெயின் 2022-இல் ஒரு படி மேலே போய், ஒரே திசையில் ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் இருந்தால் முழுதாகத் தடம் மாறித்தான் முந்த வேண்டும் என்றது. தடம் முழுதாக மாறப்போகும் காருக்கு, சைக்கிள் ஓரத்தில் இருந்தால் என்ன, நடுவில் இருந்தால் என்ன?

சைக்கிள் பாதை பக்கத்திலேயே இருந்தால் அதில்தான் போக வேண்டுமா? பிரிட்டனில் கட்டாயமில்லை. டென்மார்க்கில் கட்டாயம். ஜெர்மனியில் வட்டமான நீலப் பலகை வைத்த பாதை என்றால் மட்டும் கட்டாயம்.

## மெதுவாகப் போவது வழிமறிப்பதா?

இதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்க நேர்ந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராட்வுட் நகரம், போக்குவரத்துக்கு இடையூறாக மெதுவாக ஓட்டினார் என்று ஒரு சைக்கிள்காரர்மீது வழக்குப் போட்டது. கீழமை நீதிமன்றம் தண்டித்தது. 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சைக்கிளால் இயன்ற வேகத்தில் போய்க்கொண்டிருந்தவரைக் காரின் வேகத்தோடு ஒப்பிட்டுக் குற்றவாளியாக்கினால், சைக்கிளைச் சாலையிலிருந்தே விலக்கியதாக ஆகிவிடும் என்பதுதான் இதன் சாரம்.

இங்கிலாந்தின் டெல்ஃபோர்டில் 2006-இல், ஓரத்தை விட்டு நடு நிலையில் ஓட்டிய ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே மேல்முறையீட்டில் அந்த அபராதம் ரத்தானது. ஆஸ்திரேலியச் சாலை விதிகளின் 125-ஆம் விதி இந்தச் சிக்கலை எழுத்திலேயே தீர்க்கிறது: மற்ற வாகனங்களைவிட மெதுவாகப் போவதால் மட்டுமே ஒருவர் நியாயமற்ற இடையூறு செய்தவர் ஆகமாட்டார். அந்தச் சூழலுக்கு ஒவ்வாத அளவு மெதுவாகப் போனால் மட்டும் வேறு.

மறுபக்கமும் இருக்கிறது. கலிபோர்னியாவின் 21656-ஆம் பிரிவு, முந்த முடியாத இருவழிச் சாலையில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வாகனங்கள் பின்னால் வரிசை கட்டிவிட்டால், மெதுவாகச் செல்லும் வாகனம் ஒதுங்க வசதியான முதல் இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்கிறது. பிரிட்டனின் 169-ஆம் விதியும் நீண்ட வரிசை சேர விடாதே என்றுதான் சொல்கிறது. இதுபோன்ற விதிகள் டிராக்டருக்கும் சுமை லாரிக்கும் சைக்கிளுக்கும் ஒரே மாதிரி பொருந்துபவை.

தாமதம் உண்மையில் எவ்வளவு? 200 மீட்டர் தூரத்துக்கு 50 கிலோமீட்டருக்குப் பதில் 20 கிலோமீட்டரில் சைக்கிளின் பின்னால் போனால், 14 நொடியில் முடிவது 36 நொடி ஆகும். இழப்பு 22 நொடி. நகரத்தில் அது அடுத்த சிவப்பு சிக்னலில் பெரும்பாலும் கரைந்துவிடும். திருப்பங்கள் நிறைந்த கிராமப்புறச் சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் இழுத்தடித்தால் அப்படிக் கரையாது. அங்கே எரிச்சல் வருவது இயல்பு.

## இருவர் பக்கம் பக்கமாக

இதைப் பார்த்தால்தான் பலருக்கு அதிகம் கோபம் வருகிறது. வியன்னா உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, இணையாக ஓட்டுவதைத் தடை செய்யாமலிருக்க நாடுகளுக்கு உரிமை தருகிறது. நெதர்லாந்தில் இருவர் இணையாக ஓட்டலாம். ஜெர்மனியில் பிறருக்கு இடையூறு இல்லாதவரை ஓட்டலாம். பிரான்ஸில் ஓட்டலாம், இருட்டியதும், முந்த விரும்பும் வாகனம் ஒலியெழுப்பித் தன் வரவைத் தெரிவிக்கும்போதும் ஒற்றை வரிசைக்கு மாற வேண்டும். ஜப்பானில் பொதுவாகக் கூடாது. பிரிட்டனின் 66-ஆம் விதி, பெரிய குழுக்களுக்கும் குழந்தைகளுடன் செல்பவர்களுக்கும் இணையாகச் செல்வது கூடுதல் பாதுகாப்பாக இருக்கலாம் என்கிறது. பின்னால் வருபவர்களைக் கவனித்து, பாதுகாப்பென்று தோன்றும்போது ஒற்றை வரிசையாகியோ நின்றோ வழிவிடவும் சொல்கிறது.

பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது? மறுபடியும் கணக்குதான். பத்துப் பேர் கொண்ட குழு. சைக்கிள் நீளம் 1.8 மீட்டர், நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை வரிசையில் குழுவின் நீளம் 31.5 மீட்டர், இரட்டை வரிசையில் 15 மீட்டர். 25 கிலோமீட்டரில் செல்லும் குழுவை 60 கிலோமீட்டரில் செல்லும் கார் முந்துகிறது. முன்னும் பின்னும் பத்துப் பத்து மீட்டர் விட்டு, காரின் நீளத்தையும் சேர்த்தால்:

1. ஒற்றை வரிசையைக் கடக்க சுமார் 5.8 நொடி, அதற்குள் கார் ஓடும் தூரம் 96 மீட்டர்.
2. இரட்டை வரிசையைக் கடக்க சுமார் 4.1 நொடி, கார் ஓடும் தூரம் 68 மீட்டர்.

எதிரே இன்னொரு கார் அதே வேகத்தில் வரக்கூடும் என்பதால், முந்தத் தொடங்கும்முன் தெளிவாகத் தெரிய வேண்டிய சாலை இதில் இரண்டு மடங்கு: 192 மீட்டர் ஒன்றில், 136 மீட்டர் மற்றொன்றில். இரண்டு முறையிலும் எதிர்ப்பக்கத் தடத்துக்குள் போகத்தான் வேண்டும். இரட்டை வரிசை என்றால் அங்கே இருக்கும் நேரம் குறைகிறது. இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்டே போகும்போது இந்த லாபம் மிகச் சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழுவுக்கான நியாயத்தை இருவர் கடன் வாங்க முடியாது.

## பிடிப்பதும் விடுவதும்

நடு நிலையில் ஓட்டத் தெரிந்தவருக்கு அதிலிருந்து எப்போது விலகுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியாளர்கள் இதற்கே அதிக நேரம் செலவிடுகிறார்கள்.

1. முன்கூட்டியே திரும்பிப் பாருங்கள். குறுகலான இடம் வந்த பிறகு ஒடித்து நடுவுக்கு வருவது ஆபத்து. முப்பது நாற்பது மீட்டருக்கு முன்பே பின்னால் பார்த்து, இடம் இருந்தால் சைகை காட்டி, மெல்ல நகர வேண்டும். திரும்பிப் பார்த்தாலே பின்னால் வருபவருக்குச் செய்தி பாதி போய்விடும்.

2. காரணம் தீர்ந்ததும் விட்டுவிடுங்கள். நிறுத்திய கார்கள் முடிந்தன, பாலம் கடந்தாயிற்று, சந்திப்பு போயிற்று என்றால் ஓர நிலைக்குத் திரும்பலாம். அதன்பிறகும் நடுவில் நீடிப்பது, பின்னால் இருப்பவருக்கு வீம்பாகவே தெரியும்.

3. இடுக்கு இடுக்காக உள்ளே போய்வராதீர்கள். இரண்டு நிறுத்திய கார்களுக்கு நடுவே இருபது மீட்டர் காலியிருக்கிறது என்று அதற்குள் ஒதுங்கி, மறுபடி வெளியே வருவது மரியாதைபோலத் தோன்றும். வெளியே வரும் ஒவ்வொரு முறையும் பின்னால் வருபவருக்கு அது எதிர்பாராத அசைவு. நேர்கோட்டில் போவதுதான் நல்லது.

4. கையசைத்து அழைக்காதீர்கள். எதிரே காலி என்று உங்களுக்குத் தெரிந்தாலும், “வா, போ” என்று சைகை செய்வது அவருடைய முடிவை நீங்கள் எடுப்பதாகும். ஓரம் நகர்ந்தால் போதும். முந்துவதா வேண்டாமா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

5. சிக்னலில் யோசியுங்கள். சிரமப்பட்டு, காத்திருந்து உங்களை முந்திய அதே நான்கு கார்களை, சிவப்பு விழுந்ததும் நழுவி முன்னால் போய் மறுபடியும் முந்த வைப்பது பெரும்பாலான இடங்களில் சட்டப்படி சரி. ஆனால் அடுத்து வரும் சாலைப் பகுதி குறுகலாக இருந்தால், வரிசையிலேயே ஓர் இடம் பிடித்து நிற்பது இருவருக்கும் வசதி. லாரியின் பக்கவாட்டில் நழுவுவது மட்டும் எந்தக் கணக்கிலும் வேண்டாம். திரும்பும் லாரியில், ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத பக்கத்தில் சிக்குவது சைக்கிள் மரணங்களில் திரும்பத் திரும்ப வரும் காரணம்.

ஓட்டுநர் பக்கத்துக்கு இவ்வளவு நீளமான பட்டியல் தேவையில்லை. தூரம் விட்டுப் பின்தொடர்வது, ஹாரன் அடித்து நெருக்காமல் இருப்பது, முந்தினால் முழுதாக விலகி முந்துவது. அவ்வளவுதான்.

## செல்லுபடியாகாத இடங்கள்

நடு நிலை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அது வேலை செய்வது, பின்னால் வருபவர் உங்களைப் பார்த்து, உங்கள் வேகத்துக்கு இறங்க நேரம் இருக்கும்போது. ஹைவே கோடு தரும் கணக்கின்படி 30 மைல் வேகத்தில் ஒரு கார் நிற்க 23 மீட்டர் போதும். 60 மைலில் 73 மீட்டர் வேண்டும். வேகமான நெடுஞ்சாலையில் ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் தடத்தின் நடுவில் சைக்கிள் என்றால் அந்த 73 மீட்டர் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். அப்படிப்பட்ட சாலையில் தடத்துக்கு வெளியே அகலமான ஓரப் பகுதி (ஷோல்டர்) இருந்தால் அதில் ஓட்டுவதும், இல்லையென்றால் வேறு வழி தேடுவதும்தான் அறிவு. சிறுவர்களையும், புதிதாகக் கற்றவர்களையும் லாரிகளுக்கு முன்னால் தடத்தைப் பிடிக்கச் சொல்வதும் நடைமுறைக்கு ஒவ்வாது. 1970-களில் கலிபோர்னியாவில் சைக்கிள் செயற்பாட்டாளர் ஜான் ஃபாரெஸ்டர் முன்னெடுத்த வாதம், சைக்கிள்காரர்கள் கார் ஓட்டுநர்களைப் போலவே நடந்துகொண்டால் தனிப் பாதையே தேவையில்லை என்பதுவரை போயிற்று. நெதர்லாந்து அதே காலத்தில் எதிர்த் திசையில் போய்த் தனிப் பாதைகளைக் கட்டியது. எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயது முதியவரும் எங்கே சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தால் எந்த வழி வென்றது என்பது தெரியும். சாலையில் நிற்கும் இடத்தைப் பற்றிய இந்த அறிவெல்லாம் தனிப் பாதை இல்லாத இடங்களுக்கானது.

எதிர்த்திசையில் ஓட்டுவதைப் பற்றி ஒரே வரி: வேகங்கள் கூடும். 20-உம் 50-உம் சேர்ந்து 70 கிலோமீட்டரில் நெருங்குவீர்கள். சந்திப்பில் அந்தத் திசையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக, இருவழிச் சாலையின் நடுவில் தொடர்ச்சியான வெள்ளைக் கோடு இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பிரிட்டனில் 129-ஆம் விதி, மணிக்கு 10 மைல் அல்லது அதற்குக் குறைந்த வேகத்தில் செல்லும் சைக்கிளை முந்த, எதிரே காலியாக இருந்தால், அந்தக் கோட்டைத் தாண்ட அனுமதிக்கிறது. 10 மைல் என்பது 16 கிலோமீட்டர். சமதளத்தில் ஓரளவு பழகியவர் அதைவிட வேகமாகவே மிதிப்பார். அப்படியானால் கோடு முடியும் வரை பின்னால் இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். முன்னால் போகிறவர் அந்தத் தடத்தின் எந்தப் பகுதியில் இருந்தாலும் அந்த நிலைமை மாறாது.